முதல் செலவு கதவுக்கு

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை கூட்டரசு நெடுஞ்சாலையில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். காலை நெரிசலில் அதற்கு ஒரு மணி நேரம் பிடிப்பது இங்கே யாருக்கும் புதிதல்ல. கிள்ளான் பள்ளத்தாக்கில் வேலைக்குப் போய்வரும் பலருக்கு மின்னல் எஃப்எம், ராகா வானொலிகளோ கைப்பேசியில் சேர்த்து வைத்த பாடல்களோ, நாளில் நீண்ட நேரம் கேட்கக் கிடைப்பது காருக்குள்தான். ஆகவே தொழிற்சாலையில் பொருத்தி அனுப்பிய ஒலிச்சாதனம் திருப்தி தராதபோது ஆக்சசரி கடையை நாடுவதில் தவறில்லை. ஆனால் பெரும்பாலும் பணம் செலவாகும் வரிசை ஒன்று இருக்கிறது: முதலில் அகலத் திரை கொண்ட ஆண்ட்ராய்டு பிளேயர், அடுத்து பவர் ஆம்ப், பிறகு வூஃபர், அதன்பின் ஸ்பீக்கர், கடைசியாக, பணம் மிஞ்சினால், கதவுக்குள் செய்ய வேண்டிய வேலை. இந்த வரிசையைக் கிட்டத்தட்ட தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்கிறேன். காரின் இசை கெடுவது பெரும்பாலும் மின்சக்திக் குறைவால் நேர்வதில்லை. தகடு, இருக்கை, சாலை இரைச்சல் என்று காரின் உடம்பிலேயே அதற்குக் காரணம் இருக்கிறது.

வாட் கணக்கையே முதலில் பார்ப்போம். பிளேயர் பெட்டிகளில் '50 வாட் வீதம் நான்கு' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். இஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். பிளேயருக்குள் இருக்கும் சிறிய ஆம்புக்குக் கிடைப்பது அவ்வளவுதான். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அந்த அழுத்தத்தில் சிதையாத அலையாகக் கொடுக்கக்கூடியது, ஏட்டுக் கணக்கின்படி 26 வாட். இழப்புகள் போக 20 வாட்டை ஒட்டி நிற்கும். 50 என்ற எண், அலையின் தலையும் அடியும் வெட்டுப்பட்டுச் சதுரமாகும்போது மட்டும் வருவது. அந்த நிலையில் பாடகரின் குரலை யாரும் கேட்க விரும்பமாட்டார்கள். சிதைவு 1 விழுக்காட்டைத் தாண்டாமல் அளக்கச் சொல்லும் சிஇஏ-2006 என்ற தரநிலை இருக்கிறது. அதன்படி அச்சிட்ட எண்ணைத்தான் நம்பலாம். சரி, 20 வாட்டை 200 ஆக்கினால் என்ன கிடைக்கும்? 10 டெசிபல். காதுக்கு அது ஏறத்தாழ இருமடங்கு உரத்த ஒலி, பத்து மடங்கு அல்ல. 20 வாட்டை 40 ஆக்கினால் 3 டெசிபல்தான் கூடும். கவனித்துக் கேட்டால் தெரியும். சாதாரண ஸ்பீக்கரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில், 90 டெசிபலை ஒட்டி ஒலிக்கும். அன்றாடக் கேட்பில் நாம் பயன்படுத்துவது ஓரிரு வாட் மட்டுமே.

உண்மையான குறை கதவில் இருக்கிறது. ஸ்பீக்கரின் தாள் முன்னே தள்ளும்போது பின்பக்கக் காற்று தளர்கிறது. முன்னலையும் பின்னலையும் எப்போதும் எதிரெதிர். நீண்ட அலைகளான தாழ்சுரங்கள் ஓட்டைகள் வழியே சுற்றி வந்து சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். வீட்டு ஸ்பீக்கரில் இரண்டையும் பிரிக்கத்தான் மரப்பெட்டி. காரில் அந்தப் பெட்டியின் வேலையைக் கதவு செய்ய வேண்டும், ஆனால் கதவு அதற்காகப் பிறந்ததல்ல. வெளித்தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த எஃகு. உள்தகட்டில் கண்ணாடி மோட்டாரையும் பூட்டையும் பழுதுபார்க்கப் பெரிய ஓட்டைகள், அவற்றின்மேல் தண்ணீரைத் தடுக்க ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். ஸ்பீக்கர் அதிரும்போது தகடும் சேர்ந்து அதிர்ந்து, பாட்டில் இல்லாத ஒலியைக் கூட்டுகிறது. இந்தக் கதவில் எத்தனை விலையுயர்ந்த 16 சென்டிமீட்டர் ஸ்பீக்கரைப் பொருத்தினாலும் அதே ஓட்டை, அதே தகடு. வெண்கலப் பாத்திரத்தைத் தட்டியதும் விரலை வைத்தால் நாதம் அடங்குவதுபோல, அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் பட்டைகள் தகட்டின் அதிர்வை உறிஞ்சி வெப்பமாக்கிவிடுகின்றன. உள்தகட்டு ஓட்டைகளை விறைப்பான தகட்டால் மூடி, ஸ்பீக்கரின் விளிம்புக்கும் கதவு உறைக்கும் இடையே நுரை வளையம் வைத்தால் முன்னலை நேராகக் காருக்குள் வரும். மலிவான தார்ப்பட்டை நம் வெயிலில் இளகி வழியக்கூடும்; பியூட்டைலே நல்லது. இன்னொன்று முக்கியம்: கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளை அடைக்கவே கூடாது. மாலை மழை கண்ணாடி இடுக்கின் வழியே கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். வெளியேற வழியில்லாவிட்டால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

இது தமிழ்க் காதுக்கு ஏன் கூடுதலாக முக்கியம் என்பதற்கு சி. வி. ராமன் சான்று தருகிறார். மிருதங்கத்தின் வலந்தலையில் பூசிய கருஞ்சோறு, சாதாரணத் தோலில் ஒழுங்கற்றுச் சிதறும் மேல்சுரங்களை அடிச்சுரத்தின் மடங்குகளாக இழுத்து நிறுத்துகிறது என்று அவர் 1920-இல் ‘நேச்சர்’ இதழில் சக ஆய்வாளருடன் எழுதினார். கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தத் தோலுக்குக் கொடுத்த சுருதியை, தன் சுருதியில் அதிரும் ஒரு கதவுத் தகடு குழப்பிவிடுகிறது. தொப்பிப் பக்கத்தின் கும்காரம் தெளிவில்லாத முழக்கமாக மட்டும் மிஞ்சுவது இதனால்தான்.

அடுத்த குறை இருக்கையில். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். சிறிய காரில் வலக்கதவு ஸ்பீக்கர் அவர் காதிலிருந்து சுமார் 90 சென்டிமீட்டர், இடக்கதவு ஸ்பீக்கர் சுமார் 140 என்று கொள்வோம். ஒலி ஒரு மில்லி விநாடியில் 34 சென்டிமீட்டர் செல்லும்; ஆகவே இடப்பக்க ஒலி ஏறத்தாழ 1.5 மில்லி விநாடி பிந்தி வருகிறது. முதலில் வந்த ஒலி எந்தத் திசையிலிருந்து வந்ததோ, முழு ஒலியையும் காது அந்தத் திசைக்கே எழுதிவிடும் என்பதை ஜெர்மனியின் கெட்டிங்கனில் ஹெல்மூட் ஹாஸ் 1949-இல் விரிவாக ஆராய்ந்தார். மேடை நடுவில் நிற்க வேண்டிய பாடகர் வலக்கதவில் ஒட்டிக்கொள்வது அதன் விளைவு. தீர்வு எளியது: வலப்பக்க ஒலியை அதே 1.5 மில்லி விநாடி தாமதப்படுத்தினால் குரல் டாஷ்போர்டின் நடுவுக்கு நகர்ந்துவிடும். பல பிளேயர்களில் இந்த வசதி ஏற்கெனவே உண்டு, தொடாமல் கிடக்கிறது. 1983 மாடல் காடிலாக் செவில் காரில் ஜெனரல் மோட்டார்ஸும் அமர் போஸின் நிறுவனமும் கொண்டுவந்த சாதனத்தின் புதுமையும் இந்த வழியில்தான் பிறந்தது: அந்தந்தக் காரின் உட்புறத்தை அளந்து, அதற்கேற்ப ஒலியைத் திருத்தினார்கள். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தாமதத் திருத்தம் ஓர் இருக்கைக்குத்தான் பொருந்தும். பக்கத்தில் இருப்பவருக்கு இசை இன்னும் கோணலாகும். குடும்பத்தோடு போகும்போது மாற்றிக்கொள்ள இன்னோர் அமைப்பைச் சேமித்து வைப்பது அவசியம்.

நெடுஞ்சாலை இரைச்சலை வெல்ல வாட் வேண்டாமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. மணிக்கு 100 கிலோமீட்டரில் சிறிய காருக்குள் இரைச்சல் 70 டெசிபலை ஒட்டும். அதில் பெரும்பகுதி டயரும் சாலையும் எழுப்பும் தாழ்சுரம், பாட்டின் தாழ்சுரத்தையே நேராக விழுங்கும். ஆனால் இரைச்சலை 3 டெசிபல் குறைப்பதும் ஆம்பின் சக்தியை இருமடங்காக்குவதும் காதுக்கு ஒரே கணக்கு. கதவுப் பட்டைகள் டயர் இரைச்சலைப் பெரிதாகத் தடுப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்கு அமைதியான டயர், சரியான காற்றழுத்தம், தளர்ந்துபோன கதவு ரப்பரை மாற்றுவது ஆகியவையே உதவும். கூரைத் தகட்டில் மழை அடிக்கும் ஓசையைப் பட்டை நன்றாகவே அடக்கும். ஒலியைக் கூட்டும் வழிக்கோ காது விலை கொடுக்கிறது. மலேசியாவின் 2019 தொழிலிட இரைச்சல் விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபலை உச்சமாக வைக்கின்றன. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்ற கணக்கில், 94 டெசிபலுக்குத் தாங்கும் நேரம் ஒரு மணி. கிள்ளானிலிருந்து வேலைக்கு வரும் ஒரு காலைப் பயணத்திலேயே அன்றைய பங்கு முழுவதும் தீர்ந்துவிடும்.

வூஃபர் பிரியர்களின் வாதத்திலும் உண்மை இருக்கிறது. உறுமியின் இழுப்பும் பேஸ் கிட்டாரின் 41 ஹெர்ட்ஸ் அடிக்கம்பியும் கதவு ஸ்பீக்கருக்கு எட்டாதவை. மேல்சுரங்களை வைத்துக் காது விட்டுப்போன அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்ளும் என்றாலும், மார்பில் தட்டும் அழுத்தத்தை ஊகிக்க முடியாது. ஆனால் சிறிய கார் இங்கே நமக்குத் துணை. இரண்டரை மீட்டர் நீள அறையில் சுமார் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலியழுத்தம் தானாகவே ஏறும். இருக்கைக்கு அடியில் வைக்கும் ஓர் 8 அங்குல வூஃபரே பெரும்பாலோருக்குப் போதும். தனி ஆம்பும் வீணல்ல: தவிலின் ஓர் அடி பாட்டின் சராசரியைவிடப் பத்து டெசிபல் மேலே தாவும்போது அலை வெட்டுப்படாமல் இருக்க இருப்புச் சக்தி தேவை. இரண்டும் கதவுக்குப் பிறகு வரட்டும்.

அவரவர் காது, அவரவர் ரசனை என்ற பதில் எஞ்சுகிறது. இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒலியியல் ஆய்வாளர்கள் ஷான் ஆலிவும் ஃபிளாய்ட் டூலும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின் மறைத்துக் கேட்டபோதும் கண்ணால் பார்த்துக் கேட்டபோதும் அதே மனிதர்கள் வேறு வேறு மதிப்பெண் கொடுத்தார்கள். பெயரும் தோற்றமும் காதுக்குள் நுழைந்துவிடுகின்றன. கடையில் சற்றே உரக்க ஒலிப்பது சிறந்ததாகத் தோன்றுவதும் இப்படித்தான். ஆகவே ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே ஒலியளவில், நன்கு பழகிய ஒரே பாட்டில் கேட்டுப் பாருங்கள். அது வானொலியாக இருக்க வேண்டாம். எஃப்எம் ஒலிபரப்பு 15,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், எந்த டுவீட்டரும் அதற்குமேல் எதையும் மீட்டுத் தராது. பிளேயரைக் கழற்ற முடியாதபடி வண்டியோடு பிணைத்த புதிய கார் என்றால், ஸ்பீக்கர் கம்பியிலிருந்தே சமிக்ஞையை வாங்கும் ஒலித்திருத்திக் கருவி கிடைக்கிறது. அதை, கம்பியை வெட்டாமல் சொருகும் இணைப்பானோடு பொருத்தச் சொல்லுங்கள். வெட்டிய கம்பி உத்தரவாதத்தைக் கேள்விக்குள்ளாக்கும். தாமத எண்களை இட்ட பிறகு, ஓட்டுநர் இருக்கையிலிருந்து இரண்டு ஸ்பீக்கருக்கும் அளவு நாடா பிடித்து அவை பொருந்துகின்றனவா என்று கடைக்காரரோடு சேர்ந்து சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும்.