உங்கள் பஸ் எங்கே வருகிறது? செல்போனிலேயே பார்க்கலாம்!

இரவு ஒன்பதரை மணி. வேலை முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறீர்கள். "பஸ் போயிடுச்சா, இனிமேதான் வருமா?" என்று பக்கத்தில் கேட்டால், "தெரியலையே" என்கிறார்கள். காத்திருப்பதா, ஆட்டோ பிடிப்பதா?

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் சென்னை மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் 'சென்னை பஸ்' செயலி 2022 மே மாதம் அறிமுகமானது. பஸ் எங்கே வருகிறது, உங்கள் நிறுத்தத்துக்கு வர எவ்வளவு நேரமாகும் என்பதை இதில் பார்க்கலாம்.

எப்படி வேலை செய்கிறது?

செயற்கைக்கோள் மேலிருந்து பஸ்ஸைப் பார்ப்பதில்லை. சிக்னல் மட்டும்தான் அனுப்புகிறது. பஸ்ஸில் உள்ள ஜி.பி.எஸ். கருவி, சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது 4-இன் சிக்னலைப் பெற்று, தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. அந்தத் தகவல் மொபைல் நெட்வொர்க் வழியாகக் கட்டுப்பாட்டு மையத்துக்கும், அங்கிருந்து உங்கள் செயலிக்கும் வருகிறது.

'5 நிமிடம்' என்று காட்டுகிறதே, சரியாக வருமா?

அது ஒரு கணிப்புதான். வழியில் நெரிசல் இருந்தால் நேரம் மாறும். மேம்பாலத்தின் அடியிலோ, உயரமான கட்டடங்களுக்கு நடுவிலோ சிக்னல் தடுமாறலாம். திரையில் பஸ் நகரவில்லை என்றால், அது கடைசியாகக் கிடைத்த தகவலாகவும் இருக்கலாம். கொஞ்சம் முன்னதாகவே நிறுத்தத்துக்கு வந்துவிடுங்கள்.

நேரத்துக்கு வரவில்லை என்றால்?

தாமதம் மட்டுமல்ல, குறித்த நேரத்துக்கு முன்பே கிளம்பிப் போவதும் தவறுதான். சரியான நேரத்துக்கு வந்தவர் பஸ்ஸைத் தவறவிடுகிறாரே! கால அட்டவணையையும் ஜி.பி.எஸ். பதிவையும் ஒப்பிட்டால் இரண்டுமே தெரிந்துவிடும்.

அதனால் புகார் சொல்லும்போது "பஸ்ஸே வரல" என்று மட்டும் சொல்லாதீர்கள். இவற்றைக் குறிப்பிடுங்கள்:

• தடம் எண்
• நிறுத்தத்தின் பெயர், போகும் திசை
• தேதி, நீங்கள் காத்திருந்த நேரம்
• பஸ் நிற்காமல் போனால், அதன் பதிவு எண்

இந்த விவரங்கள் இருந்தால், உங்கள் புகாரைப் பதிவோடு வைத்துச் சரிபார்க்க முடியும். "நான் சொன்னா யாரு நம்புவாங்க?" என்று விட்டுவிட வேண்டியதில்லை.

இன்னொன்று. நிறுத்தத்தில் ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டியோ தாத்தாவோ நின்றால், அவர்களுடைய பஸ்ஸையும் பார்த்துச் சொல்லுங்கள். அரை நிமிட வேலைதான்!