பண்டிகையன்று பரீட்சை வைத்தால்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வகுப்புகள் சூடுபிடிக்கும் நேரத்தில்தான் யூதர்களின் பெரிய பண்டிகைகள் அடுத்தடுத்து வரும். புத்தாண்டான ரோஷ் ஹஷானா இரண்டு நாள், பிறகு யோம் கிப்பூர் நோன்பு, அதற்கு ஐந்தாம் நாள் சுக்கோட். தேதி ஆண்டுக்கு ஆண்டு நகரும். யோம் கிப்பூர் 2026இல் செப்டம்பர் 21, 2027இல் அக்டோபர் 11. அதுவும் முந்தைய நாள் சூரியன் மறையும்போதே தொடங்கிவிடுகிறது. ஆகவே பண்டிகை திங்களன்று வந்தால் ஞாயிறு நள்ளிரவுக்குள் அனுப்ப வேண்டிய அசைன்மென்ட்டும் இடிக்கும். ஆசாரம் பார்ப்பவர்கள் அன்று எழுத மாட்டார்கள், கணினியைத் தொட மாட்டார்கள். "வீட்டிலிருந்தே எழுதி அனுப்பு" என்று பேராசிரியர் நல்லெண்ணத்தோடு சொன்னாலும் அவர்களுக்கு அது உதவாது.

இந்த விடுப்பைத் தயவாகக் கேட்க வேண்டியதில்லை. நியூயார்க் கல்விச் சட்டத்தின் 224-ஏ பிரிவுப்படி, மத நம்பிக்கையால் வராத மாணவருக்குத் தவறிய தேர்வை எழுத வாய்ப்புத் தர வேண்டும். அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. மறுத்தால் நீதிமன்றம் போகலாம். அங்கே படிக்கும் தமிழ் மாணவர் தீபாவளிக்கும் இதையே காட்டலாம். வாஷிங்டன் மாநிலத்தின் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு கெடு உண்டு: பாடம் தொடங்கிய முதல் இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் சொல்லிவிட வேண்டும். மற்ற மாநிலங்களில் விதி வேறு. பல்கலைக்கழகத்தின் சொந்த விதியையும் படிக்க வேண்டும்.

சிலபஸ் கைக்கு வந்த அன்றே பண்டிகைத் தேதிகளை அதோடு ஒப்பிட்டு, மோதும் வகுப்பு, லேப், தேர்வு எல்லாவற்றையும் குறித்து மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்த மாலை தொடங்கி எந்த இரவு முடிகிறது என்பதையும், மாற்றுத் தேர்வுக்கு உங்களுக்குத் தோதான நாளையும் எழுதுங்கள். மன்னிப்புக் கேட்காதீர்கள். வாய்மொழியாகச் சம்மதித்தாலும் அதை ஒரு வரி மின்னஞ்சலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நயமாக வரும் ஒரு பொறியையும் சொல்ல வேண்டும். "குறைந்த மதிப்பெண் வாங்கிய ஒரு க்விஸைத்தான் எல்லாருக்கும் கழிக்கிறோமே, உனக்கு இது அதுவாக இருக்கட்டும்" என்பார்கள். மற்றவர்கள் ஒருமுறை சறுக்கினாலும் தப்பிப்பார்கள். பண்டிகை கொண்டாடியவருக்கு மட்டும் அந்த வாய்ப்பு போய்விடும். தனித் தேர்வே கேளுங்கள்.

மறுத்தால் துறைத் தலைவர், பிறகு மாணவர் நல டீன். வளாகத்தில் ஹில்லெல் என்ற யூத மாணவர் மையம் இருந்தால் அவர்களுக்கு இதெல்லாம் பழக்கப்பட்ட வேலை. 1964ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பகுதியை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். இனம், நிறம், பூர்விக நாடு என்றுதான் அது பேசுகிறது. மதம் அதில் இல்லை. யூத வம்சாவளியைக் குறிவைத்து ஒதுக்கினால் அது பொருந்தும். கூட்டாட்சிக் கல்வித் துறையிடம் அந்தப் புகாரைக் கொடுக்க 180 நாள் அவகாசம்.