இருந்த இடத்திலேயே காணாமற்போன பிரிண்டர்

வீட்டில் பொருள்கள் காணாமற்போவது சகஜம். மூக்குக்கண்ணாடி போகும்; அலமாரிச் சாவி போகும்; மேஜைமேல் கிடந்த கல்யாணப் பத்திரிகை, முகூர்த்தத்தன்று காலையில் பார்த்துப் போய்விடும். ஆனால் கண்ணுக்கு நேரே, பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே காணாமற்போகிற பொருளை நீங்கள் பார்த்ததுண்டா? நான் வீரகேரளம்புதூரில் பார்த்தேன்.

குற்றாலத்துச் சாரலைப் பற்றி எழுதுவதற்கென்று போனவனுக்கு வீரகேரளம்புதூரில் என்ன வேலை என்று கேட்பீர்கள். தெரிந்தவர் ஒருவருக்காக ஒரு பத்திரத்தின் நகலை எடுத்து வர வேண்டியிருந்தது. தென்காசியிலிருந்து கிழக்கே பஸ்ஸில் போனால், சிற்றாற்றை ஒட்டி இருக்கிறது இந்த ஊர். ஒரு காலத்தில் ஊற்றுமலை ஜமீனின் தலைநகர். காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்த இருதயாலய மருதப்பத் தேவரின் அரண்மனை இங்கேதான் இருக்கிறது. நவநீதகிருஷ்ணன் கோயிலும் இருக்கிறது. இவ்வளவு கீர்த்தி வாய்ந்த ஊரில் நான் போய் நின்றது, ஜெராக்ஸ் எடுத்து, கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் ஒரு சின்னக் கடையில்.

கடையை நடத்துகிறவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். அவருக்கு எதிரே ஒரு பெண்ணும் அவளுடைய தாயாரும் நின்றுகொண்டிருந்தார்கள். பெண்ணின் முகத்தில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது. கல்லூரியில் சேர வருமானச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்குள் கொடுக்க வேண்டும். சான்றிதழ் கம்ப்யூட்டரில் வந்துவிட்டது, காகிதத்தில் வரவில்லை!

"இப்பதான் ரெண்டு பேருக்கு எடுத்துக் குடுத்தேன், அண்ணாச்சி. அதுக்குள்ள பாருங்க, 'ஆப்லைன்'னு சொல்லுது. தினம் நாலு தடவை இதே கூத்துதான்" என்றார் அந்த அம்மாள் என்னிடம்.

"யக்கா, பஸ்ஸு போயிரும்க்கா!" என்றாள் அந்தப் பெண்.

அம்மாள் பிரிண்டரை அணைத்துப் போட்டார். வரவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். வரவில்லை. பிரிண்டரின் தலையில் லேசாக ஒரு தட்டுக் கூடத் தட்டினார்.

நேயர்களே, எனக்கு யந்திர சாஸ்திரம் ஒன்றும் பிரமாதமாகத் தெரியாது. ஆனால் எங்கள் காரியாலயத்திலும் இப்படி ஒரு பிரிண்டர் இருந்து என் தலைமயிரில் பாதியை நரைக்க வைத்ததனால், பட்டறிவு என்பது கொஞ்சம் உண்டு. "பிரிண்டர் வாங்கின பெட்டியில் ஒரு கம்பி இருந்திருக்குமே?" என்று கேட்டேன். மேஜை இழுப்பறையின் அடியில், ரப்பர் முத்திரைகளுக்கும் பழைய ரசீதுகளுக்கும் கீழே, பிளாஸ்டிக் உறை கூடப் பிரியாமல் கிடந்தது அது. பிரிண்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு நேராகச் செருகினோம். ஒரு நிமிஷம் பொறுத்து, கட கட என்று சான்றிதழ் வந்து விழுந்தது. பெண்ணும் தாயாரும் பறந்துவிட்டார்கள்.

"அப்போ கம்பியிலேயே வச்சிரட்டுமா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

நியாயமான கேள்வி. பல வீடுகளுக்கும் ஆபீஸ்களுக்கும் அதுவே சரியான பதில் என்பது என் அபிப்பிராயம். மூலையில் வைத்தது வைத்தபடி இருக்கும் ஒரு யந்திரத்துக்குக் கம்பியில்லாத சுதந்திரம் எதற்கு? ஆனால் இந்தக் கடையில் அது நடவாது. வாடிக்கைக்காரர்கள் தங்கள் கைபேசியிலிருந்தே நேராக அச்சடிக்க விரும்புகிறார்கள். அம்மாளின் மகன் உள்ளறையில் மற்றொரு கம்ப்யூட்டரில் வேலை செய்கிறான். எல்லாருக்கும் பொதுவாக அந்த ஒரு பிரிண்டர்தான். ஆகவே வியாதி என்னவென்று பார்த்தே ஆக வேண்டும்.

கம்ப்யூட்டரில் பிரிண்டர்களின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடையில் இருப்பது ஒரே பிரிண்டர். பட்டியலில் அதே பெயரில் ஐந்து! தமயந்தியின் சுயம்வர மண்டபத்தில் ஐந்து நளன்கள் வந்து உட்கார்ந்த மாதிரி. ஒவ்வொரு தடவை கோளாறு வரும்போதும், பையன் பழையதை நீக்காமல் புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறான். தமயந்தி உண்மை நளனைக் கண்டுபிடித்தாள், பாவம், கால் தரையில் பாவுகிறதா, கண் இமைக்கிறதா என்று பார்த்து. நமக்கு அவ்வளவு சிரமம் இல்லை. பெரும்பாலான பிரிண்டர்களில், அதன் சொந்தப் பொத்தான்களை அழுத்தியே ஒரு 'நெட்வொர்க்' தாளை அச்சடிக்கச் சொல்லலாம். இன்ன வைஃபையில் இருக்கிறேன், என் எண் இது என்று அதுவே வாக்குமூலம் கொடுத்துவிடும். கொடுத்தது. அதன் எண் 192.168.1.9. பட்டியலில் இருந்த ஐந்து நளன்களில் ஒருவனுக்கும் அந்த எண் இல்லை!

விஷயம் இதுதான். சுவரில் விளக்குகளோடு ஒரு பெட்டி மாட்டியிருக்கிறதே, ரவுட்டர், அதுதான் இந்தச் சின்ன ராஜ்யத்துக்குத் தபாலாபீஸ். வைஃபையில் சேருகிற ஒவ்வொரு கைபேசிக்கும், கம்ப்யூட்டருக்கும், பிரிண்டருக்கும் அது ஒரு கதவிலக்கம் கொடுக்கிறது. கொடுப்பது சாசனமாக அல்ல, குத்தகையாக! சில மணி நேரத்துக்கோ, ஒரு நாளுக்கோ. குத்தகை தீருமுன் பிரிண்டர் கேட்டால் அதே எண்ணையே நீட்டித்துக் கொடுக்கும். பிரிண்டர் வெகு நேரம் அணைந்து கிடந்தாலோ, ரவுட்டரே ஒரு முறை அணைந்து எரிந்தாலோ, யார் முந்திக் கேட்கிறார்களோ அவர்களுக்கு அந்த எண் போய்விடலாம். ரவுட்டர்களில் பல, மின்சாரம் போனதும் பழைய கணக்கை மறந்துவிடும் சுபாவம் உள்ளவை.

வீரகேரளம்புதூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபமாயிருந்தது. 2019 நவம்பர் 22-ஆம் தேதி வரையில் அவர்கள் திருநெல்வேலி மாவட்டம். அன்று முதல் தென்காசி மாவட்டம். ஊர் ஓர் அங்குலம் நகரவில்லை, அரண்மனை நகரவில்லை, விலாசம் மட்டும் மாறிவிட்டது. பழைய விலாசம் எழுதிய கடிதத்தைத் தபால்காரர் பார்த்து, "ஓகோ, நம்ம ஊர்தான்" என்று கொண்டுவந்து கொடுத்துவிடுவார். கம்ப்யூட்டருக்கு அந்த மாதிரி ஒரு தபால்காரர் கிடையாது. பழைய எண்ணுக்குப் போய்க் கதவைத் தட்டும். அங்கே குடியிருப்பது யாரோ ஒருவரின் கைபேசி! பதில் வராது. உடனே 'ஆப்லைன்' என்று எழுதிவிடும். பிரிண்டர் என்னவோ வைஃபையில் சௌக்கியமாகத்தான் இருக்கிறது.

ஆனால் இது ஒன்றுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? குழந்தைக்கு ஜுரம் என்று போனால், டாக்டர் முதலில் கேட்பது "எப்போதிலிருந்து? எந்த நேரத்தில் ஏறுகிறது?" என்றுதானே? யந்திரத்துக்கு ஜுரம் வந்தால் மட்டும் நாம் அதைக் கேட்பதில்லை, தலையில் தட்டுகிறோம். ஆகவே அந்த அம்மாளிடம் ஒரு காரியம் சொன்னேன். பிரிண்டர் மறையும் ஒவ்வொரு தடவையும் மணி என்ன, அதற்குச் சற்று முன் கடையில் என்ன நடந்தது என்று குறித்து வையுங்கள் என்றேன். மளிகைக் கணக்கு எழுதும் நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தைத் திருப்பி அவர் கோடு போட்டுக்கொண்டார். நான் குற்றாலத்துக்குத் திரும்பிவிட்டேன்.

ஐந்தாம் நாள் மறுபடியும் போனேன். நோட்டைப் பார்த்ததும் எனக்குப் பெருமிதம் தாங்கவில்லை. எங்கள் நிருபர்களில் சிலர் கூட இவ்வளவு சுத்தமாகக் குறிப்பு எடுப்பதில்லை. பதினொரு தடவை பிரிண்டர் மறைந்திருந்தது. அதில் ஏழு தடவைக்கு எதிரே 'கரண்டு போச்சு' என்று எழுதியிருந்தது. சீசனில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசுகிற காற்று லேசுப்பட்டதா? கம்பி உரசும், மின்சாரம் ஒரு கண் சிமிட்டிவிட்டு வரும். கடையில் இன்வெர்ட்டர் இருக்கிறது. கம்ப்யூட்டரும் பிரிண்டரும் அதில் இருப்பதால் அணைவதில்லை. ஆனால் வாசல் பக்கச் சுவரில் தொங்கும் ரவுட்டருக்கு மட்டும் அந்தப் பாக்கியம் இல்லை! மின்சாரம் சிமிட்டும்போதெல்லாம் அது செத்துப் பிழைக்கிறது. எழுந்திருக்க இரண்டு மூன்று நிமிஷம் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் வாசலில் நிற்கிற கைபேசிகள் எல்லாம் எண் வாங்கிக்கொள்கின்றன. யார்மீது குற்றம் சொல்வது? ஐந்து நாளாகப் பிரிண்டரைத் திட்டினோம், அது நிரபராதி.

இரண்டு தடவை, மத்தியான்னம் மூன்று மணிக்குச் சற்று முன்பின். மின்சாரம் போகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கடையில் கூட்டமில்லை. பிரிண்டரும் ஒரு தூக்கம் போட்டிருக்கிறது. மின்சாரத்தைச் சேமிக்கத் தானே தூங்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் கூப்பிட்டதும் விழித்துக்கொள்ள வேண்டும், சிலது விழிப்பதில்லை. இது முதல் வியாதி அல்ல, வேறு வியாதி. அடையாளம் மட்டும் ஒன்று. பிரிண்டரின் அமைப்புகளில் தூங்கும் நேரத்தை நீட்டி வைத்தோம். தானாக முழுதும் அணைந்துவிடும் ஏற்பாட்டையும் நிறுத்தினோம்.

மீதி இரண்டுதான் என்னைக் குழப்பின. இரண்டும் சாயங்காலம் ஐந்து மணிக்கு. எதிரே, 'ஒண்ணும் நடக்கலை. பப்ஸ் வாங்கினேன்' என்று எழுதியிருந்தார் அம்மாள். பக்கத்து பேக்கரியில், இந்தக் கடையின் சுவருக்கு மறுபுறத்தில்தான், பப்ஸைச் சுடவைக்கும் மைக்ரோவேவ் அடுப்பு இருக்கிறது. சிரிக்காதீர்கள். அந்த அடுப்பு வேலை செய்வது சுமார் 2,450 மெகாஹெர்ட்ஸ் அலையில். வைஃபையின் பழைய அலைவரிசையும் ஏறக்குறைய அதே இடம்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பார்கள். லைசென்ஸ் இல்லாமல் யாரும் உபயோகிக்கலாம் என்று இந்தியாவில் 2005-ல் திறந்துவிட்ட பாதை அது. ஆகவே சந்தைக் கடை மாதிரி இரைச்சல். பிரிண்டர்களில் பலவற்றுக்கு இந்த ஒரு பாதைதான் தெரியும்; 5 கிகாஹெர்ட்ஸ் என்ற அகலமான வீதி இருந்தும் அதில் நடக்கத் தெரியாது. அடுப்புக் கதவின் இடுக்கில் கசிவது நமக்குக் கெடுதல் செய்யாத அளவுதான். ஆனால் அதை விடப் பல மடங்கு மெல்லிய குரலில் பேசுகிற வைஃபைக்கு அதுவே கல்யாண மேளம்.

1895-ல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், கம்பி எதுவுமின்றி, சுவர்களைத் தாண்டி அலையை அனுப்பி ஒரு மணியை அடிக்க வைத்துக் காட்டினார். அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் மைக்ரோவேவ் அடுப்பு இல்லை. இரும்பு பீரோவும் இருந்திராது. இந்தக் கடையில் ரவுட்டருக்கும் பிரிண்டருக்கும் நட்டநடுவே ஆளுயரத்தில் ஒன்று நின்றது.

இரண்டே இரண்டு குறிப்பை வைத்துக்கொண்டு பேக்கரிக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. பப்ஸ் நன்றாகவும் இருந்தது. ஆனாலும் செலவில்லாத பரிகாரத்தைச் செய்வதில் என்ன நஷ்டம்? ரவுட்டரின் 'சானல்' 11 என்று இருந்ததை, அடுப்பின் அலைக்கு எட்டத்தில் இருக்கும் 1-க்கு மாற்றினோம். பீரோவையும் மூன்று அடி தள்ளி வைத்தோம். பீரோவைத் தள்ளியதுதான் அன்றைய வேலைகளிலேயே கடினமானது.

பெரிய வியாதிக்குப் பரிகாரம் இரண்டு படி. ரவுட்டரின் செருகியை இன்வெர்ட்டர் இணைப்புக்கு மாற்றினோம். அப்புறம், அந்தக் கதவிலக்கக் குத்தகையைச் சாசனமாக்கினோம். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஒரு விலாசமும் கடவுச்சொல்லும் இருக்கும். அதைக் கம்ப்யூட்டரில் தட்டி உள்ளே போனால், யார் யாருக்கு என்ன எண் கொடுத்திருக்கிறது என்ற பட்டியல் தெரியும். பிரிண்டருக்குத் தொழிற்சாலையிலேயே பொறித்த 12 எழுத்து அடையாளம் ஒன்று உண்டு. முன்னே சொன்ன 'நெட்வொர்க்' தாளிலும் அது அச்சாகியிருக்கும். இன்ன அடையாளத்துக்கு எப்போதும் இன்ன எண் என்று எழுதி வைத்துவிட்டால், பிறகு எத்தனை கைபேசி வந்து வாசலில் நின்றாலும் அந்த எண்ணை ரவுட்டர் கொடாது. இந்த வசதிக்கு ஒவ்வொரு கம்பெனி ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. 'ரிசர்வேஷன்' என்ற சொல் பெரும்பாலும் இருக்கும். ரயில் டிக்கெட் வாங்கிப் பழகிய நமக்கு அது புரியாதா?

கடைசியில் கம்ப்யூட்டரிலிருந்த ஐந்து நளன்களையும் வெளியேற்றினோம். அந்த நிலையான எண்ணைச் சொல்லி, ஒரே ஒரு பிரிண்டரைச் சேர்த்தோம். கம்ப்யூட்டர் தானே தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று விடாமல், எண்ணை நாமே கொடுத்துச் சேர்ப்பது நல்லது. அப்படிச் சேர்த்தது எளிதில் வழி தவறாது.

உங்கள் வீட்டிலும் இந்த உபத்திரவம் இருக்கலாம். 2020-ல் பள்ளிக்கூடங்கள் மூடியிருந்தபோது குழந்தைகளின் பாடத்துக்காகப் பிரிண்டர் வாங்கிய குடும்பங்கள் எத்தனையோ. அவர்களுக்கு ஒரு வார்த்தை: விருந்தாளிகளுக்கென்று தனி வைஃபை வைத்திருந்தால், அதில் சேர்ந்த கைபேசிக்கு வீட்டுப் பிரிண்டர் தெரியாது. அது கோளாறு அல்ல. திண்ணையில் இருப்பவர் சமையலறைக்குள் வராதபடி போட்ட கதவு. ஆபீஸ் வேலைக்காக மடிக்கணினியில் 'வி.பி.என்.' போட்டிருந்தாலும் சில சமயம் இதே கதைதான்.

ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு தரம் கடைக்குப் போனேன். பிரிண்டரின் நெற்றியில் ஒரு சீட்டு ஒட்டி, அதன் எண்ணை மை தீட்டிப் பெரிதாக எழுதி வைத்திருந்தார் அம்மாள். "அந்தப் பிள்ளைக்கு எடம் கெடைச்சிட்டு, அண்ணாச்சி. அவ அம்மை வந்து சொல்லிட்டுப் போனா" என்றார். நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். வியாழக்கிழமைக்குப் பிறகு கோடு போட்ட பக்கத்தில் பிரிண்டரைப் பற்றி ஒன்றும் இல்லை. மீதி இடத்தில், துவரம்பருப்பு ஒரு கிலோ, நல்லெண்ணெய் அரை லிட்டர் என்று எழுதியிருந்தது.