உள்ளங்கைத் திரையில் ஒரு சந்தை

கங்கவ்வா

தெலங்கானா மாநிலத்தில் ஜகித்யால் மாவட்டம் இருக்கிறது. அந்த மாவட்டத்தில் லம்பாடிபள்ளி ஒரு சிறிய கிராமம். கங்கவ்வா அந்த ஊர்க்காரர். சிறு வயதில் அவர் அதிகம் படிக்கவில்லை. வயலில் கூலி வேலை செய்தார். பீடி சுற்றினார். பிள்ளைகளை வளர்த்தார்.

அவருடைய உறவினர் ஒருவர் 2012-ஆம் ஆண்டு யூடியூபில் ஒரு சேனல் தொடங்கினார். அதன் பெயர் 'மை வில்லேஜ் ஷோ'. கிராமத்து வாழ்க்கையை வேடிக்கையாகக் காட்டும் சேனல் அது. சில ஆண்டுகள் கழித்து கங்கவ்வாவும் அதில் நடிக்க வந்தார். அப்போது அவருக்கு வயது 50-க்கு மேல்.

அவர் வேஷம் கட்டவில்லை. பட்டணத்துப் பேச்சும் பேசவில்லை. தம் ஊர்ப் பேச்சில் பேசினார். வீட்டில் எப்படிச் சிரிப்பாரோ, எப்படித் திட்டுவாரோ, அப்படியே செய்தார். மக்களுக்குப் பிடித்துப் போனது. லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். 2020-இல் தெலுங்கு 'பிக் பாஸ்' நிகழ்ச்சியிலும் அவர் கலந்துகொண்டார்.

கங்கவ்வா போல எல்லோரும் புகழ் பெற முடியாது. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். பார்க்க ஆட்கள் எப்படிச் சேருகிறார்கள்? எதனால் கலைந்து போகிறார்கள்?

சின்ன வீடியோ

இன்று பலருடைய கையில் செல்போன் இருக்கிறது. அதில் சின்னச் சின்ன வீடியோக்கள் வருகின்றன. ஒன்றைப் பார்த்து முடித்ததும் விரலால் மேலே தள்ளுகிறோம். அடுத்தது வருகிறது. யூடியூபில் இதற்கு 'ஷார்ட்ஸ்' என்று பெயர். இன்ஸ்டாகிராமில் 'ரீல்ஸ்' என்று பெயர். இரண்டும் இந்தியாவுக்கு 2020-ஆம் ஆண்டு வந்தன.

இந்த வீடியோக்களை யாரும் எடுக்கலாம். உழவர் எடுக்கலாம். தையல்காரர் எடுக்கலாம். வீட்டில் ஊறுகாய் போடும் பெண்ணும் எடுக்கலாம். எடுப்பது சுலபம். பார்க்க ஆள் சேர்ப்பதுதான் கடினம்.

சந்தையில் மாம்பழக்காரர்

சந்தையில் மாம்பழம் விற்பவர் என்ன செய்கிறார்? ஒரு பழத்தை நறுக்குகிறார். முதலில் வரும் நாலு பேருக்கு ஒரு துண்டு கொடுக்கிறார். அவர்கள் நின்று ருசித்து வாங்கினால், பின்னால் வருபவர்களும் நிற்பார்கள். கூட்டம் சேரும். முதல் நாலு பேர் முகம் சுளித்துப் போனால், கடை காலியாகவே இருக்கும்.

சின்ன வீடியோவும் இப்படித்தான். நிறுவனத்தின் கணினி அதை முதலில் கொஞ்சம் பேருக்குக் காட்டும். அவர்கள் நின்று பார்க்கிறார்களா, உடனே தள்ளிவிடுகிறார்களா என்று கவனிக்கும். நின்று பார்த்தால் இன்னும் பல பேருக்குக் காட்டும். தள்ளிவிட்டால் காட்டுவதைக் குறைத்துவிடும்.

வீடியோ போட்டவர் ஏழையா பணக்காரரா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. விலை உயர்ந்த கேமரா வைத்திருக்கிறாரா என்றும் தெரியாது. பார்ப்பவர் நிற்க வேண்டும். அதுதான் முக்கியம்.

நிற்க வைப்பது எப்படி?

ஒரு பெண் ஆவக்காய் ஊறுகாய் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை வீடியோ எடுக்க நினைக்கிறார்.

"வணக்கம், என் பெயர் இது, என் ஊர் இது, இன்று நாம் பார்க்கப் போவது..." என்று தொடங்கினால் பாதிப் பேர் தள்ளிவிடுவார்கள். "ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் ஊறுகாயில் பூசணம் வரும். இதோ பாருங்கள்" என்று தொடங்கினால்? மாங்காய்த் துண்டைத் துணியால் துடைத்துக் காட்டினால்? பார்ப்பவர் நிற்பார். அவர் வீட்டு ஊறுகாயும் ஒரு நாள் கெட்டிருக்கும். காரணம் தெரிந்துகொள்ள ஆசைப்படுவார்.

அதனால் முதல் சில நொடியிலேயே விஷயத்துக்கு வந்துவிட வேண்டும்.

வெளிச்சமும் வேண்டும். காலை வெயில் வரும் வாசல் பக்கமாக உட்கார்ந்து எடுத்தால் போதும். செல்போன் ஆடக்கூடாது. செங்கல் அடுக்கி அதில் சாய்த்து வைக்கலாம். பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும். மிக்சி ஓடும்போது பேசக்கூடாது.

ஷார்ட்ஸ் வீடியோ 3 நிமிடம் வரை இருக்கலாம். ஆனால் 30 நொடியில் சொல்ல முடிந்ததை 3 நிமிடம் இழுக்கக்கூடாது.

ஒரே கடை, ஒரே சரக்கு

இன்று ஊறுகாய், நாளை நடனம், மறுநாள் கோயில் திருவிழா என்று மாற்றி மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? ஊறுகாய்க்காக வந்தவர் போய்விடுவார். துணிக்கடையில் ஒரு நாள் துணியும் மறுநாள் மீனும் விற்றால் வாடிக்கையாளர் குழம்பிப் போவார். அதே கதைதான்.

ஊறுகாய் என்றால் ஊறுகாய்தான். மாங்காய், எலுமிச்சை, கோங்கூரா என்று எத்தனை இருக்கிறது! வாரத்துக்கு 2 வீடியோ என்று முடிவு செய்தால், அதைத் தவறாமல் போட வேண்டும். முதல் 20 வீடியோவை யாரும் பார்க்காமல் போகலாம். மனம் தளரக்கூடாது. எந்த வீடியோவை அதிகம் பேர் பார்த்தார்கள் என்று செல்போனே கணக்குக் காட்டும். அதைப் படித்துப் பார்த்து அடுத்ததைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

வீடியோவின் கீழே சிலர் கேள்வி எழுதுவார்கள். "எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் எழுத வேண்டும். எழுத்துத் தெரிந்தவருக்கு இங்கே பெரிய பலம். தலைப்பைத் தாமே எழுதலாம். யாருடைய கையையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

பணம் வருமா?

வரும். ஆனால் உடனே வராது. விளம்பரப் பணத்தில் பங்கு தர யூடியூப் ஒரு விதி வைத்திருக்கிறது. சேனலில் 1000 பேர் சந்தாதாரராகச் சேர வேண்டும். அதோடு, ஷார்ட்ஸ் வீடியோக்களை 90 நாளில் 1 கோடி முறை மக்கள் பார்த்திருக்க வேண்டும். இந்த வழி 2023-இல் வந்தது. சின்ன வீடியோவில் கிடைக்கும் பணமும் குறைவுதான். விதிகள் அவ்வப்போது மாறும். படித்துத் தெரிந்துகொள்வது நல்லது.

ஊறுகாய் போடும் பெண்ணுக்கு வேறு வழி இருக்கிறது. பார்த்தவர்களில் 50 பேர் ஊறுகாய் கேட்டால் போதும். வியாபாரம் நடக்கும். விற்பதற்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

ஏமாற்றுக்காரர்கள்

ஆள் சேரத் தொடங்கியதும் ஏமாற்றுக்காரர்களும் வருவார்கள்.

"500 ரூபாய் கொடுங்கள். 10,000 பேரைச் சேர்த்துத் தருகிறோம்" என்பார்கள். அந்த 10,000 பேரில் உண்மையான ஆட்கள் இருக்க மாட்டார்கள். வீடியோவை நின்று பார்க்கவும் மாட்டார்கள். பொய்க் கணக்குச் சேர்ப்பது நிறுவன விதிக்கு விரோதம். சேனலையே மூடிவிடலாம்.

"யூடியூபிலிருந்து பேசுகிறோம். ஓ.டி.பி. எண்ணைச் சொல்லுங்கள்" என்பார்கள். சொல்லக்கூடாது. சொன்னால் சேனல் கை மாறிவிடும்.

"ஊறுகாய்க்கு முன்பணம் அனுப்பியிருக்கிறேன். ரகசிய எண்ணைப் போடுங்கள், பணம் வரும்" என்பார்கள். இது பெரிய மோசடி. பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. பணம் கொடுப்பதற்குத்தான் அது வேண்டும். எண்ணைப் போட்டால் நம் கணக்கிலிருந்து பணம் போய்விடும்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுச் சும்மா இருக்கக்கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். பணமோசடியைப் புகார் செய்ய அரசு வைத்திருக்கும் எண் அது. சீக்கிரம் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

வீட்டு முகவரி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இவை வீடியோவில் தெரியக்கூடாது. புகழுக்காக ரயில் பாதையிலும் அருவி ஓரத்திலும் நின்று வீடியோ எடுத்து உயிரை விட்டவர்கள் உண்டு. எந்த வீடியோவும் உயிரை விடப் பெரியது இல்லை.

வாடகை இடம்

முன்பு 'டிக்டாக்' என்ற செயலி இந்தியாவில் மிகவும் பிரபலமாக இருந்தது. கிராமத்து மக்கள் பலர் அதில் ஆடினார்கள், பாடினார்கள். சிலருக்கு லட்சக்கணக்கான ரசிகர்கள். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 சீனச் செயலிகளுக்குத் தடை விதித்தது. டிக்டாக்கும் அதில் ஒன்று. நாட்டுப் பாதுகாப்பைக் காரணமாகச் சொன்னது. பல வருட உழைப்பில் சேர்த்த கூட்டம் ஓரிரு நாளில் கலைந்தது.

இதில் ஒரு பாடம் உண்டு. திரை நம்முடையது அல்ல. அது வாடகை இடம். என்றைக்கு வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லலாம். அதனால் ஒரே இடத்தை நம்பி இருக்கக்கூடாது. கூலி வேலையையோ கைத்தொழிலையோ விட்டுவிடவும் கூடாது.

ஊறுகாய் போடும் பெண் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளலாம். வாங்கியவர் பெயரை எழுதலாம். ஊர், போன் எண், என்ன வாங்கினார் என்பதையும் எழுதலாம். நாளைக்கே செயலி மூடினாலும் அந்த நோட்டு அவரிடம் இருக்கும். அதில் உள்ள வாடிக்கையாளர்களை அவரே கூப்பிட்டுப் பேசலாம்.

கலந்து பேசுங்கள்

1. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலை எது? அதில் பிறருக்குப் பயன்படும் ஒரு விஷயம் சொல்லுங்கள்.

2. அதை வீடியோ எடுத்தால் முதல் வாக்கியம் என்னவாக இருக்கும்? நோட்டில் எழுதுங்கள்.

3. "ரகசிய எண்ணைப் போட்டால் பணம் வரும்" என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வீர்கள்?