முன்பக்கம் நொறுங்கிய பழைய டீசல் கார்: வீட்டிலேயே சீர்செய்ய இயலுமா?

பிழைப்பின் நிமித்தம் பெருநகரங்களில் குடியேறிய நம் குடும்பங்களுக்குக் கார் என்பது பெரும்பாலும் ஆடம்பரப் பொருள் அன்று. பல ஆண்டுச் சேமிப்பைக் கொண்டு, ஒருவர் ஓட்டிக் கழித்த வண்டியை வாங்கியிருப்போம். பிள்ளைகளைப் பள்ளிக்கும், முதியோரை மருத்துவமனைக்கும், குடும்பம் முழுவதையும் ஞாயிறு ஆராதனைக்கும் சுமந்து செல்வது அதுவே. எரிபொருள் சிக்கனத்தைக் கருதிப் பலர் டீசல் காரையே தெரிந்துகொண்டனர். 1998-ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகமான டாடா இண்டிகாவின் உற்பத்தி 2018-இல் முடிவுற்றது. மாருதி நிறுவனம் 2020 ஏப்ரலோடு டீசல் கார்களைக் கைவிட்டது. ஆயினும் அவ்வண்டிகள் இன்னும் நம் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அப்படிப்பட்ட ஒரு வண்டி முன்னே சென்ற லாரியின் பின்புறத்திலோ, சாலை நடுச்சுவரிலோ மோதிவிட்டால் என்ன செய்வது? பட்டறைக்காரர் கூறும் தொகை சில வேளைகளில் வண்டியின் விலையையே எட்டிவிடுகிறது. அப்போது, "நாமே பிரித்துப் பூட்டினால் என்ன?" என்ற எண்ணம் எழுவது இயல்பு. இக்கேள்விக்கு ஒரே வரியில் விடை கூறலாம்: போல்ட் போட்டுப் பூட்டியவற்றை வீட்டில் மாற்றலாம், வெல்டிங் செய்து இணைத்தவற்றைப் பட்டறைக்கே விட்டுவிட வேண்டும். இவ்வெல்லையை அறிந்து செயல்படுகிறவர் பணத்தையும் மிச்சப்படுத்துவார், தம் குடும்பத்தின் உயிரையும் காப்பார்.

முதலில் காகிதங்களைப் பாருங்கள்

ஸ்பானரை எடுக்குமுன் இன்சூரன்ஸ் பாலிசியை எடுங்கள். பழைய வண்டிகளுக்குப் பலர் மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே வைத்திருக்கின்றனர். அதில் நம் வண்டியின் சேதத்திற்கு ஒரு ரூபாயும் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தால், சர்வேயர் வந்து பார்க்கும்வரை எதையும் கழற்றலாகாது.

முழுக் காப்பீட்டிலும் வழக்கமான பாலிசிகள் முழுத் தொகையைத் தருவதில்லை. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதமும், வண்டி 10 ஆண்டைக் கடந்திருந்தால் உலோகப் பாகங்களுக்கும் 50 சதவீதமும் தேய்மானமாகக் கழிக்கப்படும். பழுதுபார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், வண்டி முழுச் சேதம் என்று கணக்கிடப்படும். சிறு தொகைக்காகக் கோரிக்கை வைத்தால், கோரிக்கையற்ற ஆண்டுகளுக்கான தள்ளுபடியையும் இழப்போம். இவற்றைக் கூட்டிக் கழித்துப் பார்த்தபின் தீர்மானியுங்கள்.

தில்லியிலும் அதைச் சூழ்ந்த தலைநகர்ப் பகுதியிலும் வாழ்வோர்க்கு இன்னொரு கவனம் தேவை. 10 ஆண்டைக் கடந்த டீசல் வண்டிகள் அங்கு ஓடலாகாது என்று 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கட்டளையிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2025 ஆகஸ்டில் உரிமையாளர்மீது நடவடிக்கை வேண்டாம் என்று கூறிய நீதிமன்றம், அவ்வாண்டு டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பாரத் ஸ்டேஜ் 4 மற்றும் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. ஓட்ட இயலாத வண்டிக்குப் புதிய பானெட் வாங்குவதில் பயனில்லை. மற்ற மாநிலங்களிலும் பதிவின் 15 ஆண்டு முடியும் நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளந்து பாருங்கள்

கண்ணுக்குத் தெரியும் சேதம் பெரிதாகத் தோன்றும். ஆபத்தானதோ பெரும்பாலும் மறைந்திருக்கும். உடைந்த பம்பரும் ஹெட்லைட்டும் மாற்றத்தக்கவை. அவற்றின் பின்னால், எஞ்சினின் இருபுறமும் நீண்டு செல்லும் சேசிஸ் கால்கள் வளைந்திருந்தால் அது வேறு காரியம். மோதலின் வேகத்தை உள்வாங்கிப் பயணிகளைக் காப்பவை அவையே.

எனவே ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் அறையில் இடதும் வலதும் ஒத்த இரு போல்ட் துளைகளைத் தெரிந்தெடுத்து, மூலைக்கு மூலை குறுக்காக அளவிடுங்கள். இரண்டு குறுக்களவுகளும் ஒத்திருக்க வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் வேறுபாடு அளக்கும் கையின் பிழையாக இருக்கலாம். அதற்கு மேற்பட்டால் சட்டம் வளைந்திருக்கக்கூடும். பின்பு முன்சக்கரத்திற்கும் கதவின் முன்விளிம்புக்கும் உள்ள தூரத்தை இருபுறமும் ஒப்பிடுங்கள். கதவுகள் முன்போல் எளிதாக மூடுகின்றனவா? சேசிஸ் காலிலோ, சஸ்பென்ஷன் மேற்குமிழ் பொருந்தும் இடத்திலோ பெயின்ட் சுருங்கி வெடித்திருக்கிறதா? இவற்றில் ஒன்று தவறினாலும், இழுத்து நேராக்கும் மேடையுள்ள பட்டறைக்கே வண்டியைக் கொண்டுசெல்ல வேண்டும். ஏர்பேக் விரிந்த வண்டியும் அப்படியே.

பிரிக்கும் முறை

அடுக்குமாடியில் வாழ்வோர் சங்கத்தின் அனுமதி பெற்று, சமதளமான நிறுத்துமிடத்தில் வேலை செய்யுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை முதலில் கழற்றுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியில் அதன்பின் சில நிமிடங்கள் காத்திருங்கள்; மஞ்சள் நிற இணைப்புகளைத் தொடாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் புகாதீர்கள். ஸ்டாண்டு வைப்பது அவசியம்.

பம்பர், கிரில், ஹெட்லைட், பானெட், மட்கார்டு என்ற வரிசையில் கழற்றலாம். ஒவ்வொரு படியிலும் செல்போனில் படம் எடுங்கள். போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாக்களில் இட்டுப் பெயர் எழுதிவையுங்கள். பானெட்டின் கீல் இருந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு இட்டபின் தளர்த்துங்கள். திரும்பப் பூட்டும்போது அக்கோடே வழிகாட்டும். பானெட்டைத் தூக்க இருவர் வேண்டும்.

ஏ.சி. கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பதால் முதலில் அடிவாங்குவது அதுவே. அதன் குழாய்களை வீட்டில் அவிழ்க்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கும். ஏ.சி. மெக்கானிக் அதை முறைப்படி வெளியேற்றட்டும்.

கூலன்ட்டை எஞ்சின் குளிர்ந்தபின் பாத்திரத்தில் பிடியுங்கள். அது இனிப்பான நஞ்சு. குழந்தைகளும் நாய்களும் நெருங்காதபடி உடனே மூடிவையுங்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

டீசல் எஞ்சினுக்கே உரிய கவனம்

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை 17 முதல் 22 மடங்கு வரை அழுத்தி, அந்த வெப்பத்தாலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறது. ஆதலால் முன்பக்கம் நொறுங்கினாலும் எஞ்சின் நன்றாக ஓடுவதுபோலத் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பி, ரேடியேட்டர் ஒழுகும் நிலையில் வீடுவரை ஓட்டி வந்தால் ஹெட் கேஸ்கட் எரிந்து, சிலிண்டர் ஹெட்டும் வளைந்துவிடும். அப்போது செலவு பன்மடங்காகும். இழுவை வண்டிக்குக் கொடுக்கும் பணம் அதைவிடக் குறைவே.

ஏர்ஃபில்டர் பெட்டி விரிசல் கண்டிருந்தால் தூசி எஞ்சினுக்குள் புகும். டர்போ குழாய் விலகியிருந்தால் இழுவை குறைந்து கரும்புகை எழும். டைமிங் பெல்ட் உள்ள வண்டியில் அதன் மூடி நசுங்கிப் பெல்ட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால், சரிசெய்யாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். டீசல் குழாயைக் கழற்றியிருந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கும். கைப்பம்பு இருந்தால் அதை அழுத்திக் காற்றை வெளியேற்றிய பின்பே எஞ்சின் எளிதில் உயிர்பெறும். காமன்ரெயில் எஞ்சின்களில் டீசல் அழுத்தம் 1000 பார் அளவையும் தாண்டும். ஓடும்போது அக்குழாய்களில் ஒழுக்கு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்காதீர்கள். தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும்.

பழைய பாகங்கள் வாங்கும்போது

தில்லியில் மாயாபுரி, மும்பையில் குர்லா, பெங்களூரில் சிவாஜிநகர், சென்னையில் புதுப்பேட்டை ஆகிய இடங்களில் பயன்படுத்திய உதிரிபாகங்கள் கிடைக்கும். பானெட், மட்கார்டு, ஹெட்லைட், கிரில் ஆகியவற்றை அங்கே துணிந்து வாங்கலாம். பில் கேட்டு வாங்குங்கள். திருட்டுப் பொருளுக்கு நாம் துணைபோகலாகாது. ரேடியேட்டர் குழாய், சீட் பெல்ட், ஏர்பேக் ஆகியவற்றைப் புதிதாகவே வாங்க வேண்டும். பம்பருக்குப் பின்னுள்ள இரும்புச் சட்டம் வளைந்திருந்தால் சுத்தியலால் நிமிர்த்தாமல் மாற்றிவிடுங்கள். அடித்து நிமிர்த்திய இரும்பு அடுத்த மோதலில் முன்போல் தாங்காது.

பூட்டியபின் செய்ய வேண்டிய சோதனை

கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் சம அளவில் கலந்து ஊற்றுங்கள். ஹீட்டரைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிடுங்கள். ரேடியேட்டரின் கீழ்க்குழாய் சூடாகி, மின்விசிறி தானாகச் சுழன்று நிற்கும்வரை அருகிலேயே இருங்கள். எஞ்சின் ஆறியபின் குறைந்த அளவை நிரப்புங்கள்.

இறுதியாக, மிக முக்கியமானது பானெட் பூட்டு. அதற்கு இரண்டு பிடிகள் உண்டு. மேல்பிடி விடுபட்டாலும் இரண்டாம் கொக்கி பானெட்டைத் தாங்க வேண்டும். இவ்விரண்டையும் பத்து முறையாவது மூடித் திறந்து சோதியுங்கள். நெடுஞ்சாலையில் பானெட் எழும்பிக் கண்ணாடியை மூடினால் ஓட்டுநர் குருடர் ஆகிவிடுவார். ஹெட்லைட் ஒளியைச் சுவரில் விழச்செய்து இருபுறமும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கீறல் பட்ட இரும்புக்கு உடனே பிரைமர் அடியுங்கள். பெயின்ட் ஸ்பிரே செய்வதைப் பட்டறைக்கு விடுங்கள், அதன் புகை நுரையீரலுக்குக் கேடு. பின்பு வீல் அலைன்மென்ட் பாருங்கள். சரிசெய்தும் அளவு அமையவில்லை என்றால், அடியில் ஏதோ வளைந்திருக்கிறது என்று பொருள்.

பிரியமான வாசகர்களே, நம் கையால் செய்யும் வேலை பட்டறைக் கூலியில் கணிசமான பங்கை மிச்சப்படுத்தும் என்பது உண்மையே. ஆனால் பின்னிருக்கையில் அமரப்போகிறவர்கள் நம் பிள்ளைகள். அளவு நாடா "வேண்டாம்" என்று சொல்லுமிடத்தில் ஸ்பானரைக் கீழே வைத்துவிடுங்கள். அந்த வண்டியைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டு, சில மாதங்கள் பேருந்திலும் ரயிலிலும் செல்வது குடும்பத்திற்கு ஒரு குறைவும் அன்று.