பட்டறையிலிருந்து திரும்பிய வண்டியில் புதுச் சப்தம்

எண்ணூர், திருவொற்றியூர்ப் பிரதேசம் மோட்டார்த் தொழிலுக்குப் பேர்போனது. எண்ணூரில் 1948-ல் ஸ்தாபிக்கப்பெற்ற அசோக் மோட்டார்ஸ் கம்பெனி 1955-ல் அசோக் லேலண்டு என்று பெயர் மாறிற்று. அவ்வாண்டிலேயே என்ஃபீல்டு இந்தியா கம்பெனியும் ஏற்பட்டுத் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் செய்யலாயிற்று. இப்பக்கத்தில் பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஆயினும், நல்ல நிலையில் சர்வீசுக்குச் சென்ற டிராக்டரோ லாரியோ திரும்பி வருகையில் புதிதாய் ஒரு சப்தத்துடன் வருவதுண்டு. அதை அசட்டை செய்து பெருநஷ்டம் அடைவோரும், அஞ்சி எஞ்சினையே பிரிக்கச் சொல்லிப் பணம் இழப்போரும் இருக்கின்றனர்.

மீஞ்சூர்ப் பக்கத்து நிலச்சுவான்தார் ஒருவர், புழுதி உழவுக்கு முன் தம் டிராக்டருக்கு எண்ணெய் மாற்றி, வடிகட்டிகளைத் துலக்கி, டிரெய்லர்ச் சக்கரங்களைக் கழற்றிக் கிரீஸ் இடச்செய்தார் என்று வைத்துக்கொள்வோம். நேற்றில்லாத சப்தம் இன்று கேட்கிறது. இடையில் நிகழ்ந்தது பட்டறை வேலை ஒன்றே. ஆகவே முதலில் ஆராய வேண்டியது யந்திரத்தின் உள்ளுறுப்பன்று. மெக்கானிக்கின் கை பட்ட இடங்களே. (சில சமயம் பெருஞ்சப்தம் ஒன்று சர்வீசினால் அடங்கியதும், அதனடியில் மறைந்திருந்த பழைய சப்தம் புதிதுபோலத் தோன்றும் என்பதையும் மறத்தலாகாது.)

வண்டியை நிறுத்தி, கியர் இல்லாமல் எஞ்சினை மட்டும் வேகப்படுத்துக. சப்தமும் கூடவே ஏறினால் குறை எஞ்சினையோ அதைச் சார்ந்த பெல்ட், விசிறி முதலியவற்றையோ சேர்ந்தது. நிற்கையில் கேளாமல் ஓடுகையில் மட்டும் கேட்டால் சக்கரம், பிரேக், கியர்ப் பெட்டி இவற்றில் தேட வேண்டும். கிளச்சை மிதித்தவுடன் சப்தம் தோன்றினாலோ மறைந்தாலோ கிளச்சுப் பக்கத்தைச் சந்தேகிக்கலாம். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

கீச்சென்ற ஒலி பெரும்பாலும் பெல்ட் தளர்ந்ததால் வருவது. எஞ்சினை நிறுத்திப் பெல்ட்டைச் சிறிது நனைத்து மறுபடி ஓட்டுகையில் ஒலி சற்று மாறினால் ஐயமில்லை. இடம் அறிய, நீண்ட மரக்கோலின் ஒரு முனையை எஞ்சினின் மேல்மூடி முதலிய அசையாத பாகங்களில் வைத்து, மறுமுனையைக் காதருகில் வைத்துக் கேட்கலாம். அப்போது மேல்துண்டைக் களைந்து, வேட்டியை இறுகக் கட்டிக்கொள்வது அவசியம்; விசிறி துணியைப் பற்றினால் ஆளையும் இழுக்கும்.

டாப்பெட் இடைவெளி அதிகமானால் டக்டக்கென்ற ஒலி எழும். இடைவெளி குறைந்தாலோ ஒலியே இராது. ஆனால் வால்வு சரியாய் மூடாமல் கருகிப்போகும். எனவே சப்தமில்லாமை எப்போதும் நன்மைக்கு அறிகுறியன்று. தயாரிப்பாளர் விதித்த அளவையே வைக்கச் செய்ய வேண்டும்.

உஸ்ஸென்று காற்று இழுக்கும் ஒலி கேட்டால், காற்று வடிகட்டியின் கிண்ணமும் குழாயும் இறுகப் பொருந்தியுள்ளனவா என்று பார்க்க. புழுதி உழவில் இதைக் கவனியாமல் ஓட்டினால் மண் எஞ்சினுக்குள் சென்று பிஸ்டனையும் சிலிண்டரையும் அரைத்துவிடும். சப்தமோ மிகச் சிறியது. நஷ்டமோ எஞ்சின் முழுவதும்.

எண்ணெய் வடிகட்டி மாற்றியபின் முதன்முறை கிளப்புகையில் சில விநாடிகள் கடகடப்பது இயல்பு. அது நீடித்து, எண்ணெய் அழுத்த மானியின் முள்ளும் எழாவிட்டால் அக்கணமே நிறுத்துக. பட்டறைவரை மெல்ல ஓட்டிச் செல்லலாம் என்று எண்ணுவது பெரும் பிசகு.

கடலோர ஊர்களில் ஒரு விசேஷம் உண்டு. நீரால் கழுவிய வண்டி இரவில் நின்றால் உப்புக்காற்றால் பிரேக் டிரம்மில் மெல்லிய துரு படியும். காலையில் முதல் சில மிதிப்புகளுக்கு உராயும் ஒலி கேட்டுப் பின் ஒழிந்தால் அதற்கு வைத்தியம் தேவையில்லை. ஒழியாவிடில் டிரம்மைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

யாவற்றினும் அபாயமானது கழற்றி மாட்டிய சக்கரத்திலிருந்து மெதுவான ஓட்டத்தில் வரும் 'டிக், டிக்' என்ற ஒலி. நட்டுகள் தளர்ந்திருக்கலாம். நெல் மூட்டைகளும் அவற்றின்மேல் ஆட்களுமாய்ச் செல்லும் டிரெய்லரில் சக்கரம் கழன்றால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. அங்கேயே நிறுத்தி, எதிரெதிர் நட்டுகளாக முடுக்குக. ஒலி இல்லாவிட்டாலும், சக்கரம் மாட்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி முடுக்குதல் வேண்டும். பேரிங்கை அதிகம் இறுக்கியிருந்தாலும் முனகல் எழும்; சிறிது தூரம் ஓட்டி நிறுத்திப் புறங்கையை அருகில் கொண்டுசென்றால், ஒரு சக்கரத்தின் நடுப்பாகம் மற்றதைவிடச் சுடுவது தெரியும்.

டிராக்டரை வாடகைக்கு விடும் கூட்டுறவுச் சங்கத்தார், ஒவ்வொரு சர்வீசிலும் கழற்றிய பாகங்களைத் தேதியுடன் புத்தகத்தில் எழுதிவைத்தால் இச்சோதனை எளிதாகும். மாற்றிய பழைய உறுப்புகளையும் கேட்டு வாங்கிக்கொள்க. பட்டறையாரிடம் முறையிடுகையில் "ஏதோ சப்தம்" என்பதோடு நில்லாமல், எந்தக் கியரில், எவ்வளவு வேகத்தில், சுமையுடனா வெறுமையிலா என்று சொல்லி, மெக்கானிக்கையும் உடன் வரச்செய்து ஓட்டிக் காட்டுக.