பூங்காவில் பாட்டிலுக்கு என்ன வேலை?

வாங்க அனுமதி உண்டு. கண்ட இடத்தில் குடிக்க அனுமதி இல்லை!

பூங்கா யாருக்காக?

ஓடியாடும் குழந்தைகளுக்காக. காற்று வாங்க வரும் பெரியவர்களுக்காக. மில் வேலை முடிந்து களைத்து வருகிறவர்களுக்காக. அங்கே நாலு பேர் பாட்டிலைத் திறந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? முதலில் பெண்கள் எழுந்து போவார்கள். கூடவே குழந்தைகளும் போய்விடும். கடைசியில் பூங்கா குடிகாரர்களுக்கே சொந்தமாகிவிடும்!

"சர்க்கார் விற்ற சரக்குதானே? எங்கே குடித்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

சேலத்தில் பிறந்த சட்டம்

1937-ஆம் ஆண்டு ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தார். அப்போது மதுவிலக்குச் சட்டம் வந்தது. அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் முதலில் அமலாகியது. 1948 அக்டோபர் 2-ந் தேதி, காந்தி பிறந்த நாளில், மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்துவிட்டது.

அடுத்த ஆண்டு முதல் மந்திரி ஆனவர், ராஜபாளையத்தைச் சேர்ந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா. 1952 வரை பதவியில் இருந்தார். அத்தனை நாளும் மதுவிலக்கு அமலில் இருந்தது. அவர் தமது சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். தன் சொத்தைப் பொதுச் சொத்தாக்கினார். பொதுச் சொத்தான பூங்காவை நாலு பேர் தங்கள் சொத்தாக்கிக்கொள்வது நியாயமா?

1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது. மறுபடி வந்தது, மறுபடி போனது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக் நிறுவனத்திடம் வந்தது. ஆனால் 1937-ஆம் ஆண்டுச் சட்டம் செத்துவிடவில்லை. பொது இடத்தில் குடிபோதையில் இருப்பது குற்றம் என்று அதில் தனிப் பிரிவே இருக்கிறது.

பத்து ரூபாய் ஆயிரம் ஆனது

குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொல்லை கொடுத்தால் அதற்கும் தண்டனை உண்டு. 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் இதற்கு 24 மணி நேரம் வரை சிறை, அல்லது 10 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்தது. பாரதிய நியாய சன்ஹிதா என்று பெயர். அதன் 355-வது பிரிவில் அபராதம் 1,000 ரூபாய் வரை உயர்ந்தது. சமூக சேவை செய்யும்படியும் உத்தரவிடலாம்.

பூங்காவில் பணம் வைத்துச் சீட்டு ஆடுவதும் குற்றமே. அதற்கு 1930-லேயே சட்டம் வந்துவிட்டது.

காட்டிலும் கூடாது

லீவு நாளில் நம் குடும்பங்கள் போகும் இடங்கள் எவை? ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் செண்பகத்தோப்பு. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் அய்யனார் கோயில் அருவி. மலையடிவாரத்துக் காடு, 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். சாம்பல் நிற அணில்களின் சரணாலயமும் இதுதான். சரணாலயத்தில் குப்பை போடுவதையும், தீ மூட்டுவதையும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது.

காரணம் எளிது. உடைந்த பாட்டில், குழந்தையின் காலா, யானையின் காலா என்று பார்ப்பதில்லை!

இதைத் தடுக்க 2022-ல் நீலகிரியில் ஒரு வழி கண்டார்கள். சென்னை ஹைகோர்ட்டு உத்தரவுப்படி, பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். பிறகு இந்த ஏற்பாடு வேறு மாவட்டங்களுக்கும் பரவியது.

நாம் செய்ய வேண்டியது

பூங்காவில் குடிப்பவரைக் கண்டால் சண்டைக்குப் போகாதீர்கள். குழந்தைகளை விலக்கி அழைத்துப் போங்கள். 100 அல்லது 112-க்கு போன் செய்து, இடத்தையும் நேரத்தையும் சொல்லுங்கள். தினமும் இதே கதை என்றால், தெருவார் நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்திட்டு நகராட்சிக்கு மனுக் கொடுங்கள். விளக்கும் காவலாளும் கேளுங்கள்.

முக்கியமாக ஒன்று: பூங்காவுக்குப் போவதை நிறுத்தாதீர்கள். குடும்பங்கள் நிறைந்திருக்கும் இடத்தில் பாட்டிலைத் திறக்க யாருக்கும் துணிவு வராது!